தள்ளிவிட ஆள் வேண்டாம்: கார்ட் கிளட்ச்சின் கதை

வாடகை கோ-கார்ட் ஓட்டியிருப்பீங்க. பெடலை மிதிச்சா கிளம்பும். காலை எடுத்து பிரேக் பிடிச்சா வண்டி நிக்கும், எஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். இதுல என்ன பெருசா இருக்குன்னு தோணும். ஆனா பெரிய கார்ட் பந்தயங்கள்ல பல வருஷம் இந்த வசதி கிடையாது.

கதை 1956-ல், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. ரேஸ் கார் கட்டும் கர்ட்டிஸ் கிராஃப்ட் பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ், நண்பர் லூ பொரெல்லியோடு சேர்ந்து சில குழாய்களைப் பற்றவைத்து, புல் வெட்டும் இயந்திரத்துக்கான சின்ன எஞ்சின் ஒன்றைப் பின்னால் மாட்டினார். அதுதான் முதல் கார்ட். 1959-ல் மர ரம்பம் தயாரிக்கும் மெக்கல்லக் நிறுவனம் கார்ட்டுக்கென்றே எஞ்சின் விற்க ஆரம்பித்தது. 1964-ல் ரோமில் முதல் உலக சாம்பியன்ஷிப்.

அதன்பின் பல வருஷம் உலக அளவில் கோலோச்சியது 100 சிசி வகை. கியர் இல்லை, கிளட்ச் இல்லை. எஞ்சினிலிருந்து ஒரு செயின் நேராகப் பின் அச்சுக்குப் போகும். சக்கரம் சுற்றினால்தான் எஞ்சின் சுற்றும். ஸ்டார்ட் பண்ண ஒருத்தர் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, வேகம் வந்ததும் தொப்பென்று கீழே விடணும். இதைவிடப் பெரிய வலி, வளைவில் வண்டி சுழன்று நின்றால் எஞ்சினும் அணைந்துவிடும். தள்ள ஆள் இல்லையென்றால் அன்றைய ரேஸ் அவ்வளவுதான்.

இதற்கான தீர்வு மர ரம்பத்திலேயே இருந்தது. நம்ம ஊர் டிவிஎஸ் எக்ஸ்எல்-லயும் அதேதான்: மையவிலக்கு கிளட்ச். திருவிழா ராட்டினத்தில் சங்கிலியில் தொங்கும் இருக்கைகள் வேகம் ஏற ஏற வெளிப்பக்கம் விரியும் இல்லையா? அதே மாதிரி, எஞ்சின் சுற்றும்போது உள்ளே ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும் ஷூக்கள் வெளியே விரிந்து டிரம்மைக் கவ்வும். வேகம் குறைந்தால் விட்டுவிடும்.

1997-ல் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ், 125 சிசி மேக்ஸ் எஞ்சினில் இதையும் பொத்தான் ஸ்டார்ட்டரையும் சேர்த்துக் கொடுத்தது. இனி தனியா டிராக்குக்கு வந்தவரும் ஓட்டலாம்.

சும்மா வரல, வேலையோட வந்தது. கிளட்ச் எந்த வேகத்தில் கவ்வணும் என்பதுதான் செட்டிங்கின் உயிர். சீக்கிரம் கவ்வினால் எஞ்சின் திணறும். ரொம்பத் தாமதமானால் வழுக்கி வழுக்கிச் சூடேறும். எஞ்சினின் இழுவை உச்சத்தில் இருக்கும் வேகத்தை ஒட்டி வைப்பது வழக்கம். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் தாமதமாகக் கவ்வும், கனமான ஷூ போட்டால் சீக்கிரம். ஸ்பிரிங் மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றணும். ஒன்று தளர்ந்திருந்தாலும் கிளம்பும்போது வண்டி உதறும். டிரம் நீலம் பூத்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். பேரிங்குக்கு எண்ணெய் ஒரு சொட்டு போதும். பாசம் அதிகமாகி ஊற்றினீங்கன்னா அது ஷூவில் தெறித்து, கிளட்ச் பிடிக்கவே பிடிக்காது. புதுசா ஓட்டுறவங்க ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்துல மிதிச்சே ஒரு செட் ஷூவை எரிச்சிடுவாங்க.

2007-ல் உலக சாம்பியன்ஷிப்பே கிளட்ச், ஸ்டார்ட்டர் உள்ள கேஎஃப் எஞ்சினுக்கு மாறியது. ஆனா எடை, செலவு, சிக்கல் என்று முணுமுணுப்பு நிற்கவில்லை. 2016-ல் இரண்டையும் கழற்றிவிட்டு, ஓகே என்ற பெயரில் பழைய நேரடி செயினுக்கே திரும்பினார்கள். எனக்கு இதில் பாதி சம்மதம்தான். வண்டி இலேசாச்சு, சரி, சுழன்று நின்றவன் கதி பழையபடி ஆயிடுச்சே!

ரோட்டாக்ஸ் மேக்ஸ் போட்டிகளில் இன்றும் பொத்தானை அழுத்திக் கிளம்புகிறார்கள். ஓகே பிரிவில் மெக்கானிக் வண்டிக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறார்.