மல்லாட்டைத் தோல் எரிந்த அடுப்பு: விழுப்புரம், திண்டிவனம் வட்டார வீடுகளில் வெந்நீரின் வரலாறு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் சமையலுக்கு என்ன எரிபொருள் என்று கேட்டார்கள். வீட்டில் குளியலறை உண்டா என்றும் கேட்டார்கள். குளிக்கும் தண்ணீரை எதைக்கொண்டு சூடாக்குகிறீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை. கேஸ் அடுப்பில் சோறு வடித்துவிட்டு, தோட்டப்பக்கம் மூன்று கல் கூட்டிச் சுடுதண்ணி வைக்கிற வீடும் அந்தப் பட்டியலில் கேஸ் வீடாகவே பதிவாகும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. எனவே இங்கே வெந்நீரின் வரலாற்றை எழுத முனைபவர் பக்கத்து வரலாறுகளிலிருந்துதான் அதைத் திரட்ட வேண்டும்: மல்லாட்டை (மணிலாக்கொட்டை, வேர்க்கடலை) வணிகம், சவுக்குத் தோப்பு, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, மின்கட்டண அடுக்கு. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். அதற்கு முந்திய செய்திகள் அனைத்தும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கு உரியவை.

இக்கட்டுரையின் வாதம் இதுதான். இந்த வட்டாரத்தில் வெந்நீர் நெடுங்காலம் மிச்சத்தில் ஓடியது. விற்க முடியாத எரிபொருளும் சமையல் முடிந்து எஞ்சிய வெப்பமும் அதற்குப் போதுமாக இருந்தன. மின்சாரம் வந்தபின்தான் அது தனிச் செலவாகப் பிரிந்தது. அப்படிப் பிரிந்த செலவைக் குறைக்க வந்த சூரியத் தகடு, இந்த மண்ணின் பருவத்தோடு முழுதாக ஒத்துப்போகவில்லை.

மிச்சத்தில் காய்ந்த தண்ணீர்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தின் முதன்மையான மணிலாக்கொட்டை மாவட்டமாக இருந்தது தென்னார்க்காடு. இங்கே விளைந்தது புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை 1879இல் திறக்கப்பட்டது. பின்னர் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கிருந்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 ரகம் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் பல பத்தாண்டுகள் பயிரானது. பயிரின் கதை ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்ததே. அடுப்பின் பக்கம் நின்று பார்த்தால் அதில் வேறொன்று தெரியும்: பருப்பு கப்பலேறியது, தோல் ஊரிலேயே தங்கியது.

மல்லாட்டைத் தோல் சட்டென்று பற்றும், சட்டென்று அணையும். பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடி கைப்பிடியாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சோறு வேகும்போது இப்படி ஏறி இறங்கும் தீ ஆகாது. தண்ணீருக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. தீ விட்டுவிட்டு எரிந்தாலும், புகைந்து எரிந்தாலும் கடைசியில் அது காய்ந்துவிடும். வீட்டில் கிடைத்தவற்றுள் ஆக மட்டமான எரிபொருள் எப்போதும் சுடுதண்ணி அடுப்புக்கே போனதற்கு இதுதான் காரணம். சவுக்கு விஷயத்திலும் இதே கதைதான். கடலோர மணலில் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பரவிய சவுக்கு ரயில் எஞ்சினுக்கும் பட்டணத்து அடுப்புக்கும் விறகானது, பிறகு சாரமரமானது, இப்போது காகித ஆலைக்கும் போகிறது. அடிமரம் லாரி ஏறியபின் ஊருக்கு மிஞ்சுவது மிளாறும் உதிர்ந்த சருகும் தோண்டியெடுத்த வேர்க்கட்டையும். இவற்றோடு பனைமட்டை, கரும்புச் சோகை, தென்னம்பாளை.

எரிபொருள் மட்டுமா மிச்சம்? கொடியடுப்பின் அமைப்பையே எடுத்துக்கொள்ளலாம். முதல் வாயில் சோற்றுப்பானை. அதன் அடியிலிருந்து ஒரு துளை வழியே நெருப்பும் சூடான புகையும் பக்கத்து வாய்க்குப் போகும். அந்த இரண்டாம் வாய்க்குத் தனியே விறகு வைப்பதில்லை. அதன்மேல் தண்ணீர்த் தவலையை ஏற்றிவைப்பார்கள். வெளியேறும் வெப்பத்தை மறுபடி பிடிப்பது பற்றி இன்றைய ஆலைப் பொறியாளர்கள் பேசுவதை மண்ணால் குழைத்துச் செய்த ஏற்பாடு அது. வசதியான வீடுகளில் தாமிரப் பாய்லர் இருந்தது. நடுவில் புகைக்குழாய், சுற்றிலும் தண்ணீர், அடியில் கரியோ தேங்காய்மட்டையோ. வெப்பம் பாத்திரத்தின் அடியில் மட்டும் படாமல் உள்ளிருந்தே தண்ணீரைத் தொடுவதால் திறந்த அடுப்பைவிட அதில் விறகு குறைவாகச் செலவாகும்.

இதைப் பொற்காலமாகச் சொல்ல நான் தயாராக இல்லை. கணக்கைப் பார்ப்போம். 20 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏற்ற 300 கிலோகலோரி தேவை. காய்ந்த விறகின் வெப்பமதிப்பு கிலோவுக்கு ஏறக்குறைய 4,000 கிலோகலோரி. திறந்த மூன்று கல் அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தைச் சேரும். ஒரு வாளித் தண்ணீருக்கு முக்கால் கிலோ விறகு, நான்கு பேர் குளிக்க மூன்று கிலோ. இதைப் பொறுக்கிச் சுமந்து வந்தவர்களும், விடியலில் ஊதுகுழலோடு புகையில் குந்தியிருந்தவர்களும் பெண்கள். எரிபொருளுக்கு விலையில்லை என்று சொல்லும்போது அவர்களின் உழைப்புக்கு நாம் விலை போடவில்லை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

அன்றாடம் எல்லாரும் வெந்நீரில் குளிக்கும் வழக்கமும் இங்கே இருந்ததில்லை. பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியிலை போட்டுக் காய்ச்சிய வேதுத் தண்ணீர், கைக்குழந்தைக்கு, மூட்டுவலிக்காரப் பெரியவருக்கு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு, தீபாவளி விடியலுக்கு, மார்கழிப் பனிக்கு. தேவை குறைவு, விட்டுவிட்டு வருவது. பின்னால் வரும் கருவிகளின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைந்தது.

விலை ஏறிய வெப்பம்

கிணறு தோண்டிய இடத்தில் பழுப்பு நிலக்கரி கண்ட ஜம்புலிங்க முதலியாரின் கதை 1934இல் தொடங்குகிறது. நெய்வேலி நிறுவனம் 1956இல் உருவாகி, 1962இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. அதே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை அழுத்திக் கட்டியாக்கி, புகையைப் போக்கி, லெக்கோ என்ற பெயரில் வீட்டு எரிபொருளாகவும் விற்றார்கள். பாய்லருக்கும் கரியடுப்புக்கும் ஏற்ற சரக்கு அது. ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. இலவசத் தோலோடும் மிளாறோடும் போட்டியிட்டு அது கிராமத்துக்குள் நுழைந்திருக்க வாய்ப்பில்லை என்பது என் கருத்து.

அடுப்பையே திருத்தும் முயற்சியும் நடந்தது. 1983இல் மத்திய அரசு தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை ஓடியது. புகைபோக்கி வைத்த இரட்டை வாய் மண்ணடுப்பு அதன் பொதுவான வடிவம். கொடியடுப்பைப் பார்த்தவர்களுக்கு இரண்டாம் வாய் புதிதல்ல, புகைபோக்கிதான் புதிது. 2007இல் மாநில அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது, 2016இல் உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டம் வந்தது. சமையல் கேஸுக்கு மாறியது. சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில் சுடுதண்ணி மட்டும் வெளியடுப்பிலேயே தங்கியது. விறகடுப்பு சமையலறையைவிட்டுப் போன பிறகும் தோட்டத்தைவிட்டுப் போகவில்லை.

நகரத்து வீடுகளில் அதன் இடத்தைப் பிடித்தவை ஹீட்டர் ராடும் கீசரும். முன்பு சொன்ன அதே ஒரு வாளித் தண்ணீருக்கு 0.35 யூனிட் மின்சாரம் வேண்டும். நான்கு வாளிக்கு 1.4. இருமாதக் கணக்கில் 84 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இருமாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பெரும்பகுதியை வெந்நீர் ஒன்றே விழுங்கிவிடும். ராடில் வெப்பம் வீணாவது குறைவு, உயிருக்கு ஆபத்து அதிகம். கீசரில் ஆபத்து குறைவு. ஆனால் சுவிட்சை அணைக்காமல் விட்டால் யாரும் குளிக்காத நேரத்திலும் ஆறிய சூட்டை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். மின்சிக்கனச் செயலகத்தின் நட்சத்திர முத்திரை 2006இல் தொடங்கி, பிறகு சேமிப்புக் கீசருக்கும் வந்தது. கீசரில் அந்த நட்சத்திரம் அளப்பது இப்படிச் சும்மா இருக்கும்போது கசியும் வெப்பத்தைத்தான்.

மாடியில் வந்த சூரியன்

சித்திரை வைகாசியில் விழுப்புரத்தில் பகல் 2 மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் காப்புரிமை பெற்று விற்ற முதல் சூரிய வெந்நீர்க் கருவியும் ஏறக்குறைய இதுதான்: கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கறுப்புத் தொட்டிகள். இரவில் தண்ணீர் ஆறிவிடுவது அதன் குறை. 1909இல் வில்லியம் பெய்லி தகட்டையும் தொட்டியையும் பிரித்து, தொட்டியை மேலே ஏற்றி, சூடு கசியாமல் போர்த்தினார். சூடான தண்ணீர் இலேசாகித் தானே மேலேற, குளிர்ந்தது கீழிறங்கும். மோட்டார் தேவையில்லை. இன்று திண்டிவனம் மாடிகளில் தென்படுவதும் அதே தத்துவந்தான், தகட்டுக்குப் பதில் பல வீடுகளில் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் என்பதே மாற்றம். பெய்லியின் தொழிலைக் கலிபோர்னியாவில் சரித்தது மலிவாகக் கிடைத்த இயற்கை எரிவாயு. சூரிய வெந்நீர் எங்கும் தன் குறையால் மட்டும் தோற்பதில்லை, பக்கத்தில் என்ன மலிவு என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இஸ்ரேல் 1980இல் புது வீடுகளுக்குச் சட்டமாகவே ஆக்கியதால் அங்கே அது நிலைத்தது.

இந்தியாவில் 1980களில் தொடங்கிய ஊக்குவிப்பு, 2010இல் ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் திட்டத்தில் உச்சம் தொட்டது. 2022க்குள் 2 கோடி சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடு என்பது அதன் இலக்கு. வீடுகளுக்கு 30 விழுக்காடு மானியம் கிடைத்தது. 2014இல் அது நின்றது. தமிழ்நாட்டில் எரிசக்தி மேம்பாட்டு முகமை மானியத்தைக் கொண்டு சேர்த்தது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் சூரிய ஆற்றலுக்கு இடம் தந்தார்கள்.

பெங்களூரில் மாடிக்கு மாடி சூரிய வெந்நீர்க் கருவி ஏறியது. விழுப்புரத்தில் ஏன் இல்லை? மின்கட்டணத் தள்ளுபடியும் கட்டாய விதியும் அங்கே உதவின என்பது உண்மை. அதைவிட முக்கியம் பருவம். பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதி காலையில் வெந்நீர் வேண்டும், குளிர்காலத்தில் வானமும் தெளிவாக இருக்கும். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில். வெந்நீரைப் பெரிதும் தேடும் தீபாவளி, வானம் மூடிக் கிடக்கும் நாள்களில்தான் வருகிறது. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வாரத்தில் எந்தத் தகடும் வெந்நீர் தந்திருக்காது. பொங்கலை ஒட்டிய வாரங்களில் மட்டும் பனியும் வெயிலும் சேர்ந்து வரும், கருவி தன் வேலையைச் செவ்வனே செய்யும். கோடையிலோ நிலைமை தலைகீழ். 100 லிட்டர் கருவிக்கு 2 சதுர மீட்டர் தகடு. நாளுக்குச் சதுர மீட்டருக்கு 5 யூனிட் வெயில், அதில் பாதி தண்ணீரில் சேர்ந்தாலும் 5 யூனிட் வெப்பம். வீட்டுக்குத் தேவை 1.4. யாருக்கும் வேண்டாத கொதிநீர் மாடியில் நிற்கும்.

உப்புத் தண்ணீர் இன்னொரு தொல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து குழாய்க்குள் படியும், ஆண்டுக்கு ஆண்டு துளை சுருங்கும். வாடகை வீட்டுக்காரருக்கோ மாடியில் உரிமையே இல்லை.

இதே மாவட்டத்தில் சூரிய வெப்பம் பலித்த இடமும் உண்டு. 1968இல் தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி வானூர் வட்டத்தில் அடங்கும். 1984இல் அமைந்த அதன் அறிவியல் ஆய்வு மையத்தின் உழைப்பில், 1997இல் திறந்த சூரிய சமையற்கூடத்தின் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் எழுந்தது. கிண்ணம் அசையாது. உள்ளே சிறு சிறு கண்ணாடிகள். வெயில் குவியும் இடம் நகர நகர, வெப்பம் வாங்கும் குழாய் மட்டும் சூரியனைத் தொடர்ந்து திரும்பும். சூடான எண்ணெய் நீராவியை உண்டாக்கும், நீராவி நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும். மழை நாளுக்கென்று டீசல் பாய்லர் துணை நிற்கும். ஆண்டு முழுவதும் தினமும் ஒரே அளவுத் தேவை, பழுது பார்க்க அருகிலேயே ஆள், கைவசம் மாற்று எரிபொருள்: இந்த மூன்றும் உள்ள இடத்தில் சூரிய வெப்பம் நிற்கிறது. விடுதியும் மருத்துவமனையும் இதற்குள் வரும். நால்வர் வாழும் வீடு பெரும்பாலும் வராது.

யாருக்கு மிச்சம்?

இப்போது ஹீட் பம்ப் பேசப்படுகிறது. ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட கருவி அது, வெளிக்காற்றின் சூட்டை இறைத்துத் தண்ணீரில் விடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும். காற்று சூடாக இருக்க இருக்க நன்றாக வேலை செய்வதால் வட நாட்டுக் குளிரைவிட இந்த ஊருக்கு அது பொருந்தும். மேகத்துக்கும் அஞ்சாது. 84 யூனிட் 28 ஆகும். 2024இல் தொடங்கிய சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட் மாடி மின்தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதைப் போட்டவர்கள் கீசரைப் பகலில் ஓடவிட்டு, சூடு கசியாத தொட்டியில் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். கோடையில் வெந்நீர் வேண்டாதபோது அதே தகட்டின் மின்சாரம் மின்விசிறிக்குப் போகும். சூரிய வெந்நீர்க் கருவியால் முடியாத காரியம் இது.

ஆனால் சிக்கனத்தின் பலன் யாருக்குச் சேர்கிறது என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் 56 யூனிட் குறைந்தால் கட்டண அடுக்கே இறங்க வாய்ப்புண்டு. மின்விசிறி, விளக்கு, டிவி, ராடு எல்லாம் சேர்ந்தும் 95 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு இன்றைக்கும் பில் இல்லை, எத்தனை யூனிட் குறைத்தாலும் பில் இல்லை. அங்கே சேரும் மிச்சம் முழுவதும் அந்த யூனிட்டுகளுக்கு மானியம் செலுத்தும் அரசுக்கே. கருவியின் விலையைக் கொடுக்க வேண்டியவர் மட்டும் வீட்டுக்காரர். தோட்டத்து அடுப்பில் மிளாறு எரிக்கும் வீட்டுக்கு இந்த இரண்டு கணக்கிலும் இடமில்லை.