இரு நிலமும் ஒரு பெயரும்

நாடுகளின் பெயர்களுட் பெரும்பாலானவை பிறந்த காலம் அறியப்படாதவை. ஆற்றாலும் மலையாலும் குடியாலும் அமைந்த பெயர்கள் மக்கள் நாவிற் பழகி நாளடைவில் நிலைபெறுகின்றன. ஆயின், இன்ன ஆண்டில் இன்ன காரணத்துக்காக ஆக்கப்பட்டது எனச் சுட்டத்தக்க பெயர்களும் சில உள. கிழக்காபிரிக்காவிலுள்ள தான்சானியாவின் பெயர் அத்தகையது. இரண்டு அரசுகள் ஒன்றுசேர்ந்த 1964ஆம் ஆண்டிலே பிறந்த பெயர் அது.

அவ்விரண்டனுள் ஒன்று தாங்கனீக்கா. ஜேர்மானியர் ஆண்ட அப்பெருநிலம் முதலாம் உலகப் போரின் பின் பிரித்தானியர் கைக்கு வந்தது. அதன் மேற்கெல்லையிலுள்ள ஏரியின் பெயரையே அவர்கள் 1920ஆம் ஆண்டில் முழு நிலத்துக்கும் சூட்டினர். எனவே தாங்கனீக்கா என்பதும் நாட்டுப் பெயராகப் பழமையுடையதன்று, ஆளவந்தோர் இட்டதே. எனினும், அப்பெயரின் கீழ்த்தான் அம்மக்கள் 1961 டிசெம்பர் 9ஆந் திகதி சுதந்திரம் பெற்றனர்.

மற்றையது சான்சிபார். உங்குஜா, பெம்பா என்னும் தீவுகளைக் கொண்ட இவ்வரசின் பெயர், கறுப்பு மக்களின் கடற்கரை என்னும் பொருளில் பாரசீக, அராபிய வணிகர் வழங்கிய பழம்பெயராகும். கராம்பு வாணிகத்தாற் செழித்த இத்தீவுகளை ஓமானிலிருந்து வந்த சுல்தான் மரபினர் ஆண்டனர். 1890ஆம் ஆண்டு முதல் இவை பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்தன. 1963 டிசெம்பர் 10ஆந் திகதி சுதந்திரம் கிடைத்தது. ஆனால், 1964 சனவரி 12ஆந் திகதி எழுந்த புரட்சியில் சுல்தான் ஆட்சி வீழ்ந்தது. அரபு மக்களும் இந்திய வமிசத்தினரும் பலர் உயிரிழந்தனர்.

புரட்சி நிகழ்ந்து நான்கு மாதம் நிறையுமுன்னரே, தாங்கனீக்காவின் ஜூலியஸ் நியரேரேயும் சான்சிபாரின் அபெய்ட் கருமேயும் ஒன்றிப்பு ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். 1964 ஏப்பிரில் 26ஆந் திகதி இரு நாடுகளும் ஒன்றாயின. இரு நிலத்து மண்ணையும் நியரேரே ஒரே கலத்திற் கலந்தார். புதிய அரசு முதலிலே தாங்கனீக்கா சான்சிபார் ஐக்கிய குடியரசு என வழங்கிற்று. இரு பெயரையும் அருகருகே நிறுத்திய அந்நீண்ட பெயர் அவ்வாண்டின் இறுதிக்குள் மாற்றப்பட்டது. உரோம எழுத்தில் இரு பெயர்களின் முதல் மூன்று மூன்று எழுத்துக்களை எடுத்து, நாட்டுப் பெயர்களுக்கு வழங்கும் ஈறொன்றைக் கூட்டித் தான்சானியா என்னும் பெயர் அமைக்கப்பட்டது. மண்ணைக் கலந்தது போலவே பெயரையும் கலந்தனர் எனலாம்.

இங்கே ஆழ்ந்து நோக்கவேண்டிய ஒன்றுண்டு. பெயரில் இரு பகுதியும் சமம். ஆனால், 1950களின் இறுதியில் எடுத்த குடிசனக் கணக்குகளின்படி தாங்கனீக்காவில் ஏறத்தாழ 88 இலட்சம் மக்களும், சான்சிபாரில் ஏறத்தாழ 3 இலட்சம் மக்களும் வாழ்ந்தனர். அங்ஙனமாயின், பெரியது சிறியதை விழுங்கிவிட்டதா? பெயரளவில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. சான்சிபார் தன் பெயரையும், தனக்கென ஒரு ஜனாதிபதியையும், அரசாங்கத்தையும் வைத்துக்கொண்டது. தாங்கனீக்காவோ தன் அரசாங்கத்தை ஒன்றிப்பு அரசாங்கத்துள் அடக்கிப் பெயரையும் இழந்தது. அரசாங்க வழக்கில் அது இன்று தான்சானியாப் பெருநிலம் மட்டுமே. தாங்கனீக்கா என்னும் பழம்பெயர் ஏரிக்கே மீண்டுவிட்டது.

இதனால் இரு பக்கத்தும் மனக்குறை எழுந்தது. ஒன்றிப்பு அரசாங்கம் உண்மையிற் பெருநிலத்தின் அரசாங்கமே என்று தீவினர் சிலர் கருதினர். தீவினருக்குத் தனியரசு இருக்கையில் தமக்கு மட்டும் ஏன் இல்லையெனப் பெருநிலத்தார் சிலர் வினவினர். 1993ஆம் ஆண்டிற் பாராளுமன்ற உறுப்பினர் 55 பேர் தாங்கனீக்காவுக்குத் தனி அரசாங்கம் கோரினர். நியரேரே அதனை வன்மையாக எதிர்த்தார். 2010ஆம் ஆண்டிற் சான்சிபார் தன் அரசியலமைப்பைத் திருத்தித் தன்னை ஒரு நாடென்றே குறித்தது. 2013ஆம் ஆண்டில், நீதிபதி வாரியோபா தலைமையிலான ஆணைக்குழு மூன்று அரசாங்கங்களை அமைக்குமாறு முன்மொழிந்தது. 2014ஆம் ஆண்டில் அரசியலமைப்புப் பேரவை அதனை ஏற்காது இரண்டு அரசாங்க முறையையே நிலைநிறுத்தியது.

ஒன்றுசேர்ந்த நாட்டின் பெயரைப் பிரித்துப் பார்த்தால், யார் யார் சேர்ந்தனர் என்பது விளங்கும். எந்த உடன்பாட்டிற் சேர்ந்தனர், எவர் எதனை விட்டுக்கொடுத்தனர் என்பதைப் பெயர் சொல்வதில்லை. கலந்த மண்ணை மீண்டும் பிரித்தெடுத்தல் இயலாது. ஆனால், கலந்த பெயருக்குள் இரு பழம்பெயர்களும் இன்னும் கேட்கின்றன. அவ்விரண்டுக்கும் நியாயம் செய்வது எழுத்துக்களைக் கூட்டியவர்களின் வேலையோடு முடிந்துவிடவில்லை. அந்நாட்டை ஆள்வோர் ஒவ்வொரு தலைமுறையிலும் செய்யவேண்டிய பணியாக அது நிற்கின்றது.