கரண்ட் போனால் படிப்பு மறக்கும் பிரிண்டர்

எச்பி லேசர்ஜெட் 1020-ஐப் பார்க்காத டிடிபி கடைக்காரர் நம்மூரில் குறைவு. விண்டோஸில் மறுபேச்சில்லாமல் அச்சடிக்கும். லினக்ஸில் சொருகினால் தாள் நகராது.

எல்லாம் சிக்கனத்தால் வந்த வினை. விலை கூடிய லேசர் பிரிண்டருக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் போன்ற பக்க மொழிகள் தெரியும். மலிவு மாடல்களில் அந்த வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிட்டார்கள். பக்கத்தைப் புள்ளிகளாக்கி, சுருக்கி அனுப்புவது விண்டோஸ் டிரைவரின் பாடு. அப்படி அனுப்ப ஜீனோகிராஃபிக்ஸ் நிறுவனம் வகுத்த முறை இசட்ஜேஸ்ட்ரீம். 1020 அதைத் தவிர வேறெதையும் காதில் வாங்காது.

ரிக் ரிச்சர்ட்சன் என்ற நிரலர் எழுதிய ஃபூ2இசட்ஜேஎஸ் இங்கேதான் வருகிறது. முதலில் அது மினோல்டா மேஜிகலர் வண்ண பிரிண்டர்களுக்கான லினக்ஸ் டிரைவர். எச்பி மாடல்கள் பிறகு சேர்ந்தன. எல்லாவற்றையும் அவர் புதிதாக எழுதவில்லை. பக்கத்தைப் புள்ளியாக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் இருந்தது. புள்ளிகளைச் சுருக்கும் ஜேபிக் முறைக்கு மார்க்குஸ் கூனின் ஜேபிக்-கிட் இருந்தது. இரண்டையும் கோத்து, இசட்ஜேஸ்ட்ரீம் சட்டத்துக்குள் அடைத்து அனுப்பினால் போதும். கூடவே இசட்ஜேஎஸ்டீகோட் என்று ஒரு நிரல்: பிரிண்டருக்குப் போகும் பைட்டுகளை மனிதர் படிக்கும்படி பிரித்துக் காட்டும். டிரைவரைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். விண்டோஸ் அனுப்புவதையும் நாம் அனுப்புவதையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனாலும் 1020 அசையாது. 1000, 1005, 1018, 1020 ஆகிய மாடல்களில் பிரிண்டரை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை நிரந்தரமாகச் சேமித்துவைக்கவில்லை, அங்கேயும் சிக்கனம். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்தாலும் பிரிண்டர் கற்றதெல்லாம் மறந்துபோகும். விண்டோஸ் டிரைவர் அதைச் சத்தமில்லாமல் மறுபடி ஏற்றிவிடும். லினக்ஸில் அதற்கென ஓர் ஏற்பாடு எழுத வேண்டியிருந்தது: யுஎஸ்பியில் பிரிண்டர் தென்பட்டதும் sihp1020.dl என்ற ஃபர்ம்வேர் கோப்பை உள்ளே தள்ளும்.

அந்தக் கோப்போ எச்பியின் சொத்து. டிரைவரோடு சேர்த்துக் கொடுக்க முடியாது. எனவே கெட்வெப் என்ற ஸ்கிரிப்ட், பயனரே அதைத் தனியாக இறக்கிக்கொள்ள வழி செய்தது. லினக்ஸுக்கான எச்பியின் சொந்த எச்பிலிப் மென்பொருளும் பின்னாளில் 1020-ஐச் சேர்த்துக்கொண்டது. அதற்கும் மூலநிரல் வெளியிடாத பிளகின் ஒன்றைத் தனியாக இறக்கியாக வேண்டும்.