லெத்தீசியா

கொலம்பியாவின் தென்கோடியில், அமேசான் கரையில் உள்ள ஊர். மகிழ்ச்சி என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல் பெண்பெயராகி, பிறகு ஊர்ப்பெயரானது. 1867இல் பெரு நாட்டவர் நிறுவியபோது பெயர் சான் அந்தோனியோ. பொறியாளர் ஒருவர் தாம் நேசித்த லெத்தீசியா ஸ்மித்தின் பெயரைச் சூட்டினார் என்பது வழிவழிச் செய்தி. 1922 ஒப்பந்தம் ஊரைக் கொலம்பியாவுக்குத் தந்தது. 1932இல் பெரு நாட்டவர் புகுந்து கைப்பற்ற, போர் மூண்டது. 1934இல் ஊர் மீண்டும் கொலம்பியாவிடம் வந்தது.

கொலம்பியாவின் மற்ற நகரங்களுக்கு இங்கிருந்து சாலை கிடையாது, விமானமோ படகோதான். ஆனால் கடைத்தெருவோடு நடந்தால் பிரேசிலின் தபத்திங்கா வந்துவிடும். அது துப்பி மொழிச் சொல்: ‘திங்கா’ வெள்ளை, முழுச்சொல் வெண்களிமண். அந்த மண்ணிலேயே பிறந்த பெயர் என்பதால், எனக்கு இதன்மேல்தான் பிரியம் அதிகம்.