வடதுருவத்துப் பெண்களின் வேட்டை உடை



வேட்டை என்றதும் நம் மனக்கண் முன் வருபவை வில்லும் வேலும் துப்பாக்கியும்தாம். வேட்டைக்குப் போனவர் என்ன உடுத்தியிருந்தார் என்று நாம் கேட்பதில்லை. வெப்ப நாட்டில் வாழும் நமக்கு அப்படிக் கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஆனால் உலகின் வடகோடியில், கடலே உறைந்து தரையாகிக் கிடக்கும் நாடுகளில், வேட்டைக்கு வேண்டிய முதற்கருவி உடைதான். அந்த உடையை ஆக்கியவர்கள் பெண்கள். வரலாற்று நூல்கள் வேட்டைக்காரரைப் பற்றியும் அவர்களோடு பயணம் செய்த வெள்ளையரைப் பற்றியும் நிறைய எழுதின. ஊசி பிடித்த கைகளைப் பற்றி எழுதியது குறைவே. ஆதலால் இன்று அந்தக் கைகளைப் பற்றியே பேசுவோம்.

நாம் பள்ளியில் படித்த காலத்துப் பாடநூல்கள் இம்மக்களை எஸ்கிமோக்கள் என்று குறிப்பிட்டன. கனடாவில் வாழ்வோர் தங்களை இனுயிட் என்றும், அலாஸ்காவின் வடபகுதியில் வாழ்வோர் தங்களை இனுப்பியாட் என்றும் சொல்லிக்கொள்கின்றனர். நாமும் அவ்வாறே அழைப்போம்.

விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன நம் தோட்டத்துப் பெண்களின் உடை நேயர்களுக்கு நினைவிருக்கும். கைலியின் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் இறுகக் கட்டிய துணி. கொசுவுக்கு எது தாங்கும், பால் பட்டால் எது பாழாகாது, வீட்டில் எது கைக்கு எட்டும் என்று பார்த்துத் தேர்ந்த உடை அது. துருவத்துப் பெண்ணும் இப்படித்தான் பார்த்தாள்: குளிருக்கு எது தாங்கும், நம் கையில் என்ன இருக்கிறது? நம் பெண்கள் தவறாகத் தேர்ந்தால் தடிப்பும் அரிப்பும் வரும். அங்கே தவறாகத் தேர்ந்தால் விரல்கள் உறைந்து கறுத்துப்போகும். சில வேளைகளில் போன ஆள் திரும்பி வரமாட்டான்.

அவளுக்குக் கிடைத்த சிறந்த பொருள் கரிபூ என்னும் துருவமானின் தோல். அந்த மானின் மயிருக்குள் காற்று நிறைந்த நுண்ணறைகள் உண்டு. அடைபட்ட காற்றின் வழியே வெப்பம் எளிதில் வெளியேறாது. சுடுநீர்க் குடுவையின் இரு சுவர்களுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் வெப்பத்தைக் காக்கிறது அல்லவா? அங்கே வெற்றிடம் செய்யும் காவலை இங்கே காற்று செய்கிறது என்று கொள்ளலாம். ஆனால் எந்த மாதத்துத் தோலும் உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. கோடைத் தொடக்கத்தில் மயிர் உதிர்ந்துகொண்டிருக்கும்; தோலில் ஒருவகை ஈயின் புழுக்கள் துளையிட்டிருக்கும். நடுக்குளிர்காலத்தில் மயிர் மிக நீண்டு, தோல் கனத்து, உடைக்கு ஒவ்வாததாகிவிடும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கிடைக்கும் தோலே உடைக்கு ஏற்றது. அந்தச் சில வாரங்களில் மான் கூட்டம் வேறு வழியாகப் போய்விட்டால் அவ்வாண்டுக் குளிர்காலம் முழுவதும் குடும்பத்திற்குத் துன்பம்தான். ஓர் ஆளின் முழு உடைக்கே பல மான்களின் தோல் தேவைப்பட்டது. காசு கொடுத்து வாங்கும் உடை அல்லதான். ஆயினும் அதை மலிவான உடை என்று நாம் சொல்லமாட்டோம்.

தோல் வந்து சேர்ந்ததும் பெண்ணின் வேலை தொடங்கும். உலு என்பது அவளுடைய கத்தி. பாதி நிலா வடிவில் அலகும் நடுவே பிடியும் உடையது. அதனால் கொழுப்பை வழித்து, சுரண்டி, உலர்த்தி, மீண்டும் சுரண்டிப் பதமாக்குவாள். காலணிக்கான கடினத் தோலைப் பல்லால் மென்று மென்று மிருதுவாக்குவாள். இதனால் முதிய பெண்களின் பற்கள் ஈறுவரை தேய்ந்திருந்தன. அளவுநாடா இல்லை, கண்ணாலும் விரலாலும் அளந்தே வெட்டினர். நூல், மானின் முதுகுத் தசைநாணிலிருந்து பிரித்தெடுத்த இழை. ஊசி, முன்பு எலும்பாலும் தந்தத்தாலும் ஆனது. பின்னர்த் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் வணிகர்களும் எஃகு ஊசிகளைக் கொண்டுவந்தபோது பெண்கள் அவற்றை அரும்பொருளாகப் போற்றினர். எலும்பிலோ தந்தத்திலோ குடைந்த சிறு குழாயில் ஊசிகளை வைத்து உடன் கொண்டு செல்வது அவர்கள் வழக்கம்.

குளிர்கால உடை இரண்டு அடுக்கு. உள்ளாடையின் மயிர் உடலை நோக்கியிருக்கும். மேலாடையின் மயிர் வெளியே இருக்கும். இரண்டும் தளர்ந்தே இருக்கும். இறுக்கமான உடைதானே கதகதப்பாக இருக்கும் என்று நமக்குத் தோன்றலாம். உண்மை அதற்கு மாறானது. தளர்ந்த உடையில் உடலைச் சுற்றிச் சூடான காற்று தங்குகிறது. ஓடி உழைத்து வியர்க்கும்போது கழுத்துப் பக்கத்தைச் சற்றுத் தளர்த்தினால் அந்தச் சூடு வெளியேறிவிடும். துருவக் குளிரில் வியர்வைதான் பெரும் பகை. நனைந்த உடை உறைந்தால், உடுத்தியவர் பனிக்கட்டியையே போர்த்திக்கொண்டவராவார். தலைமூடியின் விளிம்பில் ஓநாய், வுல்வரின் போன்ற விலங்குகளின் மயிரைத் தைத்தனர். மூச்சுக்காற்று அதில் உறைபனியாகப் படிந்தாலும் கையால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

காலணியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சீல் எனப்படும் கடல்நாயின் தோலால் ஆன அந்தக் காலணிகளை இரட்டைத் தையலில் இணைத்தனர். ஊசி ஒரு தோலை முழுதும் துளைக்கும். மற்றத் தோலின் பாதிக் கனம் வரையே இறங்கித் திரும்பும். இரு தோலையும் ஒருங்கே துளைத்துச் செல்லும் ஓட்டை எங்குமே இராது. தசைநாண் இழையோ நீர் பட்டால் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். இயந்திரத்தால் தைக்க முடியாத தையல் இது. பனிவெளியில் மணிக்கணக்காக நிற்க வேண்டிய வேட்டைக்காரர் கால் நனையாமல் இருந்தது இதனால்தான்.

பெண்ணின் மேலாடைக்கு கனடாவின் இனுயிட் மக்கள் அமவுட்டி என்று பெயர் வைத்தனர். முதுகுப்புறத்தில் குழந்தைக்கு ஒரு பை. தாயின் உடற்சூட்டிலேயே குழந்தை இருக்கும். தோள்கள் மிக அகலமாக வெட்டப்பட்டிருக்கும். குழந்தையை வெளிக்குளிரில் காட்டாமல் உடைக்குள்ளாகவே முன்புறம் கொண்டுவந்து பாலூட்டலாம். இந்த உடையோடு பெண்கள் பனித்துளையில் மீன் பிடித்தனர், பொறி வைத்தனர், சிறு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடினர். ஆண்மக்கள் இல்லாத குடும்பங்களில் தந்தையர் மகளுக்கே வேட்டையைக் கற்றுக்கொடுத்ததும் உண்டு. ‘ஆணுக்கு வேட்டை, பெண்ணுக்குத் தையல்’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடும் நூல்களை நாம் முழுதும் நம்ப வேண்டியதில்லை.

இந்த உடையின் அருமையை அயலாரில் நன்கு உணர்ந்தவர் நார்வே நாட்டு ரோல்டு அமுண்ட்சென். 1903 முதல் 1905 வரை அவர் கனடாவின் வடபகுதியில் நெட்சிலிக் இனுயிட் மக்களின் அண்டையில் குளிர்காலங்களைக் கழித்து, அவர்களிடம் பண்டமாற்றாக உடைகள் பெற்று, அவற்றை உடுத்தும் முறையையும் கற்றார். அதே முறையில் அமைந்த தோலாடைகளோடு 1911 டிசம்பர் 14ஆம் நாள் தென்துருவத்தை முதன்முதலில் அடைந்தார். கம்பளியும் காற்றுத்தடுப்புத் துணியும் உடுத்திச் சென்ற ஆங்கிலேயர் ஸ்காட், 1912 ஜனவரி 17ஆம் நாள் அங்குச் சேர்ந்து, திரும்பும் வழியில் தோழர்களோடு மாண்டார். உடை ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் கூறமாட்டோம். நாய்கள், உணவு, வானிலை எல்லாம் சேர்ந்தே முடிவு செய்தன. ஆனால் அமுண்ட்செனின் வெற்றியில் நெட்சிலிக் பெண்களின் ஊசிக்கும் பங்குண்டு. அவர்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார் இலர்.

பெயர் தெரிந்த ஒருத்தி உண்டு. அலாஸ்காவின் இனுப்பியாட் பெண்ணான ஏடா பிளாக்ஜாக். 1898இல் பிறந்தவர். சமயப் பள்ளியில் ஆங்கிலமும் சமையலும் தையலும் கற்றவர், வேட்டை கற்காதவர். மணந்தவர் கைவிட்டார். பெற்ற மூன்று பிள்ளைகளில் எஞ்சியவன் பென்னட் ஒருவனே, அவனுக்கும் காசநோய். மருத்துவத்திற்குப் பணமில்லாமல் அவனை ஓர் அனாதை இல்லத்தில் விட்டுவைத்து, நோம் என்னும் ஊரில் தையல் வேலை செய்து பிழைத்துவந்தார்.

1921இல் ஸ்டெபான்சன் என்னும் ஆய்வாளர் சைபீரியாவுக்கு வடக்கேயுள்ள ராங்கல் தீவுக்கு நான்கு இளைஞர்களை அனுப்ப ஏற்பாடு செய்தார். தீவில் பிரிட்டிஷ் கொடியை நாட்டுவது நோக்கம். அவர் மட்டும் போகவில்லை. அவ்வாண்டில் அவர் வெளியிட்ட நூலுக்கு ‘நட்புள்ள ஆர்க்டிக்’ என்று பெயர்! குளிர்கால உடை தைக்க ஆள் வேண்டுமென்று ஏடாவுக்கு மாதம் 50 அமெரிக்க டாலர் சம்பளம் பேசினர். உடன் வருவதாக இருந்த இனுப்பியாட் குடும்பங்கள் வரவில்லை. மகனின் நோயை எண்ணி, நான்கு அயல் ஆண்களுக்கு நடுவே அவர் ஒருவராகக் கப்பலேறினார்.

1921 செப்டம்பரில் தீவில் இறங்கியபோது கையிலிருந்த உணவு ஆறு மாதத்திற்கே போதும்; மீதியை வேட்டையால் பெறலாம் என்பது திட்டம். தொடக்கத்தில் ஏடா அச்சத்தாலும் ஏக்கத்தாலும் தைக்க மறுத்த நாட்கள் உண்டு. அதற்காக அவரைக் கடுமையாகத் தண்டித்ததும் உண்டு. 1922 கோடையில் அனுப்பப்பட்ட கப்பல் பனிக்கட்டியைத் தாண்டி வர முடியாமல் திரும்பியது. 1923 ஜனவரியில் மூவர் உதவி தேடிப் பனிமேல் சைபீரியா நோக்கிப் புறப்பட்டனர். அவர்களை எவரும் மீண்டும் காணவில்லை. எஞ்சியவர் நைட் என்னும் இளைஞர். அவரோ ஸ்கர்வி நோயால் படுக்கையில் விழுந்தார்.

தையற்காரியாக வந்தவர் வேட்டையாடியாக மாறியது இந்த நிலையில்தான். நரிக்குப் பொறி வைக்கத் தாமே கற்றார். பனிக்கரடிக்கு மிகவும் அஞ்சியவர், துப்பாக்கி சுடவும் தாமே பழகினார். படுக்கைக்கு மேலே துப்பாக்கி வைக்க ஒரு தாங்கி செய்தார். கரடி வருகிறதா என்று பார்க்க ஒரு மேடை கட்டினார். நோயாளிக்கு உணவூட்டிப் பேணினார். ஜூன் மாதம் நைட் இறந்தபின், அக்குழுவோடு வந்த விக் என்ற பூனையைத் தவிர அவருக்குத் துணை இல்லை. கடல்நாய்களைச் சுட்டார், பறவைகளைச் சுட்டார், கரையொதுங்கிய மரத்தில் சட்டம் செய்து ஒரு சிறு படகும் அமைத்தார். இவற்றுக்கிடையே ஊசியை அவர் கீழே வைக்கவில்லை. எளிய ஆங்கிலத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பில், பொறியைப் பார்த்துவந்த செய்தியும் தைத்த செய்தியும் பின்னிய செய்தியும் அடுத்தடுத்து வருகின்றன. வெளியே செல்ல உடை வேண்டும்; உடைக்குத் தோல் வேண்டும்; தோலுக்கு வெளியே செல்ல வேண்டும். மற்றக் குடும்பங்களில் இருவர் பகிர்ந்து செய்த வேலையை அவர் ஒருவரே இரு கையாலும் செய்தார். அந்நான்கு ஆண்களில் ஒருவருக்கேனும் தையல் தெரிந்திருந்து, ஏடாவுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். நம் கணிப்பில், அவரை உயிரோடு வைத்ததில் துப்பாக்கிக்கு இருந்த பங்கு ஊசிக்கும் இருந்தது.

1923 ஆகஸ்டில் மீட்புக் கப்பல் வந்தபோது தீவில் உயிரோடிருந்த மனிதர் ஏடா ஒருவரே. செய்தித்தாள்கள் முதலில் அவரைப் புகழ்ந்தன. பின்னர், நைட்டைச் சரியாகப் பேணவில்லை என்று ஒரு பழி அச்சில் வந்தது. நைட்டின் பெற்றோரே அதை மறுத்து ஏடாவின் பக்கம் நின்றனர். பயணத்தைப் பற்றி நூல் எழுதியவர்கள் வேறு ஆட்கள்; அதன் வருவாயில் ஏடா செழிக்கவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை வறுமையிலேயே கழித்து 1983இல் மறைந்தார்.

எனினும் கப்பலேறியதன் காரணத்தை அவர் மறக்கவில்லை. கைக்கு வந்த சம்பளத்தைக் கொண்டு மகனை சியாட்டில் நகருக்கு அழைத்துச் சென்று மருத்துவம் பார்த்தார். பென்னட் நோயோடு போராடியே வளர்ந்தாலும், வளர்ந்தான்; 1972 வரை வாழ்ந்தான்.