கண்ணும் கண்ணாடியும்

மானகிரியில் நாம் அணியும் மூக்குக் கண்ணாடி வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் வகையைச் சேர்ந்தது. மார்கழியில் நன்கு கறுத்த அது, சித்திரைக் கொடுவெயிலில் அரைகுறையாகவே கறுத்தது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று நாலு பேரிடம் கூறியும் விட்டோம். உண்மையை ஆராய்ந்தறிந்தபோது வெட்கமே மிஞ்சியது.

ஒளியின் வரலாற்றில் ஆராய்ந்து பேசிய பெருமகனார் ஒருவரை நாம் அறிவோம். ஏறத்தாழ 965-இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் அவர்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்றனர் யூக்ளிட், தாலமி முதலிய முன்னோர். கதிரவனை உற்று நோக்கினால் கண் நோவதை எடுத்துக்காட்டி, ஒளியே வெளியிலிருந்து கண்ணுள் வருகிறது என்று ‘கிதாபுல் மனாளிர்’ எனும் ஏழு பாக நூலில் அவர் நிறுவினார்.

வந்த ஒளி கண்ணுள் என்ன செய்கிறது? இதற்கு விடை கிட்டியது இருபதாம் நூற்றாண்டிலேதான். வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினால் எனும் மூலக்கூறு விழித்திரையில் வளைந்து நிற்கிறது. ஒளி பட்டதும் நிமிர்கிறது. பார்வையின் முதலடி அதுவே. இத்துறையில் உழைத்த ஜார்ஜ் வால்ட் 1967-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கண்ணில் நிகழும் இவ்விந்தையை ஒத்த மாற்றம் செயற்கைப் பொருள்களிலும் உண்டு. அசோபென்சீன் எனும் சாயப்பொருள் ஒளியால் வளைவதை 1937-இல் ஹார்ட்லி கண்டறிந்தார். அதனைச் சேர்த்துச் செய்த மெல்லிய ஏடு, ஒளியால் வளைவதை 2003-இல் ஜப்பானில் காட்டினர். ஒளியால் சுழலும் மூலக்கூற்றுப் பொறியை 1999-இல் படைத்த ஃபெரிங்கா, 2016-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர்.

நமது கண்ணாடிக்கு வருவோம். கறுக்கும் கண்ணாடிகள் 1960-களில் வெள்ளி உப்புகளைக் கொண்டு செய்யப்பட்டன. இன்றைய பிளாஸ்டிக் வில்லைகளில் இருப்பவை கரிம மூலக்கூறுகள். புற ஊதாக் கதிர் பட்டால் அவற்றிலுள்ள வளையம் ஒன்று திறந்து நிறம் கொள்கிறது; கதிர் நீங்கினால் மூடிக்கொள்கிறது. வெப்பமோ திறந்ததை விரைந்து மூடிவிடும். ஆகவேதான் சித்திரையில் கறுப்பு குன்றியது. குற்றம் கடைக்காரருடையதன்று.

அண்மையிலுள்ள காரைக்குடியில், மின்வேதியியல் ஆய்வு நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார் வள்ளல் அழகப்பர். 1953-இல் திறக்கப்பட்ட அந்நிலையம் நம் பிள்ளைகளுக்குத் தொலைவிலில்லை. மேடைதோறும் இப்னுல் ஹைதமின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். ஆராயாமல் ஒருவர்மீது பழி சொன்ன நாம் அப்பெருமைக்கு உரியவர்தாமா? விற்றவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். நம் மாணவர்க்கு நாம் சொல்லும் முதற் பாடம் இனி இதுவே.