குலவழியும் மார்பகப் புற்றுநோயும்

ஹைதராபாத் நகரில் தார்நாக்காவைக் கடந்து உப்பலுக்குச் செல்லும் சாலையில், ஹப்சிகுடாவில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் இருக்கிறது. இந்நகரில் குடியேறிய நம்மவர் பலர் அதன் வாயிலைக் கடந்தே அலுவலகம் செல்கின்றனர். டாக்டர் பி. எம். பார்கவாவின் முயற்சியால் 1977இல் தோன்றிய இந்நிலையம், 1987 நவம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. குலவழியாக வரும் மார்பகப் புற்றுநோய்க்கும் இதற்கும் யாது தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு நேரானதன்று, ஆயினும் நம்மைத் தொடுவது.

சில குடும்பங்களில் பாட்டி, தாய், மகள் என இந்நோய் தொடர்வதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். அதற்குக் காரணமான மரபணு ஒன்று 17ஆம் குரோமசோமில் உள்ளது என்பதை 1990இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் அம்மையார் காட்டினார். பி.ஆர்.சி.ஏ. 1 எனப்படும் அம்மரபணு 1994இல் பிரித்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டில் பி.ஆர்.சி.ஏ. 2 கிடைத்தது. சிதைந்த டி.என்.ஏ.யைச் செப்பனிடுவது இவற்றின் வேலை. இவற்றுள் ஒன்றைப் பழுதுபட்ட நிலையில் பெற்ற பெண்கள் 100 பேரில் ஏறத்தாழ 70 பேருக்கு, 80 வயதுக்குள் நோய் வரக்கூடும். மார்பகப் புற்றுநோய் அனைத்தும் இவ்வகையினது என்று அஞ்ச வேண்டா. 100இல் 5 முதல் 10 வரையே குலவழியில் வருவன.

கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்களில் 40 பேருக்கு ஒருவர் இத்தகைய பழுதை உடையவர். அதில் ஒரு வகை, பி.ஆர்.சி.ஏ. 1இல் 185ஆம் இடத்தில் இரண்டே எழுத்துகள் விடுபட்டிருப்பது. மரபணு மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், இரண்டு விடுபட்டால் அதன்பின் வருவதெல்லாம் பிறழ்ந்துவிடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்துன்பம் புதிதன்று.

வியப்பு யாதெனில், அதே பிழை தென்னாட்டிலும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையத்தார், தென்னிந்தியக் குடும்பங்களில் அப்பிழை மீண்டும் மீண்டும் தென்படுவதை 2009இல் வெளியிட்டனர். ஓர் இந்தியக் குடும்பத்தில் அது யூதரிடமிருந்து வராமல் தானே தோன்றியது என 2007இல் வேறோர் ஆய்வு கூறியிருந்தது.

பிழை ஒன்று ஒரு கூட்டத்தினுள்ளேயே ஏன் சுழல்கிறது? இவ்விடத்தில்தான் ஹைதராபாத் வருகிறது. டாக்டர் லால்ஜி சிங், டாக்டர் தங்கராஜ் ஆகியோர் அமெரிக்க அறிஞர்களுடன் கூடி, 25 பிரிவினரைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். 2017இல் 260க்கு மேற்பட்ட தெற்காசியப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் 81 பிரிவுகள் அந்த யூதர்களைக் காட்டிலும் குறுகிய மூதாதையர் தொகையிலிருந்து பெருகியவை எனத் தெரிந்தது. சாதிக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் பல நூறு தலைமுறைகளாக இல்லாவிடினும், பல பத்துத் தலைமுறைகளாக நீடித்ததன் விளைவு இது. ஆந்திர வைசியரிடையே, மயக்க மருந்துடன் தரும் ஒருவகைத் தசைத் தளர்த்தியைச் சிதைக்கும் நொதியின் குறைபாடு ஏறத்தாழ 100 மடங்கு மிகுதி என்பது இதற்கு எடுத்துக்காட்டு. அக்குறைபாடு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரவேண்டும், பி.ஆர்.சி.ஏ. பழுதோ ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் குழப்பிப் பேசுவோர் உளர்.

பழுதை அறிவதால் பயனும் உண்டு. செப்பனிடும் மற்றொரு வழியையும் அடைத்துவிட்டால் அத்தகைய புற்றணுக்கள் மடிகின்றன என்பதை 2005இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். அவ்வழியில் பிறந்த ஓலாபரிப் என்னும் மருந்து, 2018இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கும் அனுமதி பெற்றது.

எனினும் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே மருத்துவர் கேட்பது குடும்ப வரலாறு: யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில்? பெரியம்மா தஞ்சையிலும் சித்தி நாகபுரியிலும் நாம் இங்குமாகச் சிதறியபின் இதற்கு விடை கூறுவது எளிதன்று. பாட்டியின் மரணத்தை 'ஏதோ கட்டி' என்ற அளவில் கூறி நிறுத்தியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! தந்தை வழியிலும் இப்பழுது வரும். அத்தைமாரைப் பற்றி மட்டும் நாம் பெரும்பாலும் விசாரிப்பதே இல்லை.